சித்தப்பாவின் ரஞ்சி

2025 ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. சேப்பாக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் 20 ஓவரில் 9 விக்கெட்டுக்கு 103 ரன்தான் எடுத்தது. கொல்கத்தாக்காரர்கள் அதைப் பதினோராவது ஓவரிலேயே எடுத்து முடித்தார்கள். தொடர்ந்து ஐந்தாவது தோல்வி. நான் மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்திருந்தேன். தம்பி மகன், ஆறாம் வகுப்பு படிக்கிறவன், டிவியை அணைத்தான். போட்டிருந்த மஞ்சள் சட்டையைத் தலை வழியாக உருவி அழுக்குக் கூடையில் எறிந்தான். "இனிமே இதப் போட மாட்டேன் தாத்தா" என்றான். கண் கலங்கியிருந்தது.

சாய்வு நாற்காலியில் இருந்த சித்தப்பா எழுந்து போய்ச் சட்டையை எடுத்து உதறி, நாற்காலிக் கையில் மடித்துப் போட்டார். சத்தமாகத்தான் பேசுவார், நூல் மில்லில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த காது அது. "அஞ்சு தோல்விக்கே சட்டையக் கழட்டிட்டா எப்படிய்யா? எனக்கு அம்பது வருசமாச்சு" என்றார்.

பையனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவர் சொன்னது மஞ்சள் சட்டை அணியைப் பற்றி அல்ல. தமிழ்நாடு ரஞ்சி அணியைப் பற்றி.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் மில் வேலைக்குப் போனவர் சித்தப்பா. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ரிங் ஃப்ரேம் சைடர், அதாவது நூற்பு இயந்திரத்தைக் கவனிக்கிறவர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான் என்றாலும் அந்தக் காலத்தில் அது வேறு ஊர், வேறு உலகம். ஷிப்ட் முடிந்து வரும்போது புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். சித்தி சொம்புத் தண்ணீரோடு வாசலிலேயே நிற்பார், முகம் கழுவாமல் உள்ளே விடமாட்டார். அரை நைட் முடித்து நடுராத்திரிக்கு மேல் வரும் நாட்களில்கூட, மறுநாள் காலை 7.15க்கு டெல்லி ஆகாசவாணியில் சரோஜ் நாராயண்சுவாமி செய்தி வாசிக்கும்போது எழுந்து உட்கார்ந்திருப்பார். செய்தியின் கடைசியில் விளையாட்டு வரும். அதில் தமிழ்நாட்டைப் பற்றி ஒரு வரி வந்தாலும் வரும். அந்த ஒரு வரிக்காகத்தான் முழிப்பு.

அவர் இந்த அணிக்கு ஆளானது ஒரு தோல்வியில். மில்லில் புதிதாகச் சேர்ந்த சமயம், 1973. ஆபீஸில் இருந்த பெரியவர் ஒருவர் ஹிந்து பேப்பர் வாங்குவார், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் படித்துச் சுற்றி இருக்கிறவர்களுக்குத் தமிழில் சொல்வார். அப்போது சேப்பாக்கத்தில் ரஞ்சி இறுதிப் போட்டி. வெங்கட்ராகவன் தலைமையில் தமிழ்நாடு, எதிரே வடேகரின் பம்பாய். ஆடுகளம் சுழலுக்கே சுழலாக இருந்திருக்கிறது. பம்பாயை முதல் இன்னிங்ஸில் 151க்குச் சுருட்டிவிட்டார்கள். சாப்பாட்டுக் கூட்டமே கைதட்டியதாம். நாம் எடுத்தது 80. அடுத்து பம்பாய் 113. நாம் 61. பத்மாகர் சிவால்கர் என்ற இடதுகைச் சுழலர் முதலில் 16 ரன்னுக்கு 8, அப்புறம் 18 ரன்னுக்கு 5. மூன்றாம் நாள் முதல் பந்திலேயே எல்லாம் முடிந்துபோனது. இந்தியாவுக்கு ஒரு டெஸ்ட்கூட ஆடாத சிவால்கரின் பேரை சித்தப்பா இன்றைக்கும் மரியாதையோடுதான் சொல்வார்.

அந்த ஆட்டத்தில் நம்ம பக்கம் கல்யாணசுந்தரம் என்று ஒரு வேகப்பந்து வீச்சாளர் ஹாட்ரிக் எடுத்தார். ரஞ்சி இறுதிப் போட்டியில் ஹாட்ரிக், அதுவும் பம்பாய்க்கு எதிராக. ஜெயித்திருந்தால் சிலை வைத்திருப்பார்கள். தோற்ற அணியின் ஹாட்ரிக் என்பதால் ஊரில் யாருக்கும் தெரியாது. "அந்த மூணு பந்து யாரு ஞாபகம் வெச்சுக்கிறது? நாம வெச்சுக்குவோம்னு தோணிச்சு" என்று சித்தப்பா ஒருமுறை சொன்னார். இருபது வயது மில்காரர், சேப்பாக்கத்தைக் கண்ணால் பார்க்காதவர், அன்றைக்கு எடுத்த முடிவு அது.

அவர் கணக்கு எழுதிய விதம் தனி. கழித்துப்போட்ட காகிதக் கோன்களை, நூல் சுற்றும் அந்தக் கூம்புகளை, பிளேடால் நெடுக அறுத்து விரிப்பார். உள்பக்கம் எழுத வாகாக இருக்கும். அதில் பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கோர். ஆனால் விரித்த கோன் விரித்தபடி கிடக்காது. கையை எடுத்ததும் பழையபடி சுருண்டுகொள்ளும். நான்கு மூலையிலும் ஏதாவது பாரம் வைக்க வேண்டும். சிறு வயதில் என் வேலை அதுதான். ஒரு மூலையில் உப்பு ஜாடி, ஒரு மூலையில் அரைக்கால் படி, மற்ற இரண்டில் என் இரண்டு உள்ளங்கைகள். அவர் எழுத எழுத நான் பார்த்துக்கொண்டிருப்பேன். வி. சிவராமகிருஷ்ணன், வாசுதேவன் என்ற பெயர்களை என் பாடப்புத்தகப் பெயர்களுக்கு முன்னால் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

எண்பதுகளில் வானொலியில் தமிழ் வர்ணனை வந்தது. அப்துல் ஜப்பார், கூத்தபிரான் குரல்களுக்காக டிரான்சிஸ்டரை ஜன்னல் கம்பியில் கட்டி, ஏரியலோடு ஒரு செம்புக் கம்பியையும் சேர்த்து மாடிக் கைப்பிடிச் சுவர் வரைக்கும் இழுத்திருந்தார் சித்தப்பா. ஜப்பார் பேசினால் புல்தரையின் ஈரம்வரை தெரியும். பந்து எந்தப் பக்கம் போகிறது, யார் ஓடுகிறார்கள், எங்கே நிழல் விழுகிறது என்று எல்லாம் நல்ல தமிழில், அவசரப்படாமல். எல்லா ஆட்டத்துக்கும் வர்ணனை கிடைக்காது. கிடைக்காத நாட்களில் எனக்குப் பென்னிங்டன் நூலகம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குக் கோபுரமும் பால்கோவாவும் தாண்டி ஒரு பெருமை உண்டென்றால் அது 1875இல் தொடங்கிய இந்த நூலகம். பள்ளிக்கூடம் போகும் வழியில் நுழைந்துவிடுவேன். ஹிந்து பேப்பரைப் பெரியவர்கள் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்துக்கொண்டிருப்பார்கள். விளையாட்டுப் பக்கம் மட்டும் சீக்கிரம் கைக்கு வரும், அந்நேரத்துக்கு அதைக் கேட்கிறவர்கள் குறைவு. அதன் அடியில் எறும்பு எழுத்தில் ரஞ்சி ஸ்கோர் கார்டு. யார் யாரிடம் கேட்ச், யார் பந்தில், எத்தனை, உதிரி எத்தனை. அதைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி எடுத்துப்போய் சித்தப்பாவிடம் கொடுத்தால் வாங்கி இரண்டு நிமிஷம் பேசாமல் பார்ப்பார். வெறும் எண்களிலிருந்து ஒரு நாளையே எழுப்பிவிடுவார். "பாரு, ஏழாவதா வந்தவன் 31 எடுத்திருக்கான். முன்னாடி அஞ்சு பேரு போனபெறகு எடுத்த 31. இதான் இன்னைக்கு பெரிய ஸ்கோரு." ஒரு ஸ்கோர் கார்டை எப்படிப் படிப்பது என்று எனக்கு அவர்தான் சொல்லிக்கொடுத்தார். ஜெயிக்கிற அணிக்காரன் மொத்தத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவான். தோற்கிற அணிக்காரனுக்கு அந்த 31 தேவைப்படுகிறது. அதைத் தேடித் தேடித்தான் அவனுக்கு ஆட்டம் தெரியவருகிறது என்று இன்றும் நம்புகிறேன்.

1988 வந்தது. அதற்கு முன்னால் ஒரே ஒரு முறைதான் கோப்பை. 1954-55 பருவத்தில், மெட்ராஸ் என்ற பெயரில், பாலு அழகண்ணன் தலைமையில் இந்தூர் போய் ஹோல்கரை 46 ரன்னில் ஜெயித்தது. சித்தப்பாவுக்கு அது கேள்விப்பட்ட கதை. 1988 இறுதிப் போட்டி சேப்பாக்கத்தில், ரயில்வேயோடு. கேப்டன் வாசுதேவன். நாம் 709 ரன். இன்னிங்ஸ் மற்றும் 144 ரன் வித்தியாசத்தில் வெற்றி.

அன்றைக்கு சித்தப்பாவுக்கு அரை நைட். மத்தியானமே கிளம்பியவர் நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் சன்னதித் தெருப் பக்கம் போய் இரண்டு கிலோ பால்கோவா வாங்கினார். வெண்ணெய்த்தாள் சுற்றிய பொட்டலம், சூடு இன்னும் ஆறாதது. அதை மடியில் வைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போய், டீ இடைவேளையில் சைடர், டாஃபர், மேஸ்திரி எல்லாருக்கும் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்திருக்கிறார். "என்னண்ணே விசேஷம், பிள்ளை பொறந்திருக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். "தமிழ்நாடு ஜெயிச்சிருச்சு" என்றாராம். எலெக்‌ஷனா என்று கேட்டவரும் உண்டு. அவர் அதைச் சொல்லும்போது சிரிக்கவே மாட்டார். அவருக்கு அது பிள்ளை பிறந்த விசேஷத்துக்குக் குறைந்ததில்லை.

அடுத்த பருவமும் எங்களுக்குத் திருவிழாதான். பனாஜியில் கோவாவுக்கு எதிராக 6 விக்கெட்டுக்கு 912. டபிள்யூ.வி. ராமன் 313, அர்ஜன் கிருபால் சிங் 302, ஒரே இன்னிங்ஸில் இரண்டு முச்சதம். அந்தப் பருவத்தில் ராமன் எடுத்த 1,018 ரன் ரூசி மோடியின் பழைய சாதனையைத் தாண்டியது. அந்த 912ஐ எழுத ஒரு கோன் போதவில்லை, இரண்டை ஒட்டினோம். இனிமேல் நம்ம காலம் என்று நினைத்தோம்.

அதற்கப்புறம் இன்றுவரை ரஞ்சிக் கோப்பை வரவில்லை. அணி மோசமானதாக இருந்து வராமல் போயிருந்தால் மனசு ஆறியிருக்கும். ஆறு தடவை இறுதிக்குப் போய் வரவில்லை. 1992இல் டெல்லி. 1996இல் கர்நாடகா. 2003இலும் 2004இலும் மும்பை. 2012இல் ராஜஸ்தான். 2015இல் மறுபடி கர்நாடகா.

இதில் சித்தப்பாவை வாட்டியது முதல் இன்னிங்ஸ் முன்னிலை விதி. ரஞ்சி நாக் அவுட் ஆட்டம் டிராவில் முடிந்தால், முதல் இன்னிங்ஸில் அதிகம் எடுத்தவர்தான் வெற்றியாளர். 1996, 2004, 2012 மூன்றும் சேப்பாக்கத்தில், நம்ம ஊரிலேயே, அப்படிப் போனவை. ஐந்து நாள் ஆடி யாரும் யாரையும் வீழ்த்தாமல் கோப்பையை மட்டும் எதிராளி தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்க வேண்டும். விதி சரியானதுதான், வேறு வழியும் கிடையாது. ஆனாலும் தோற்றதாகவே தோன்றாத ஒரு தோல்வியை எங்கே இறக்கி வைப்பது?

2012 பொங்கல் கழிந்து அவரைச் சேப்பாக்கத்துக்கு அழைத்துப்போனேன். மில்லிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். பொதிகை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, விருதுநகர் தாண்டியதும் ஆரம்பித்து வெங்கட்ராகவன் கதை, வி.வி. குமார் கதை. வாழ்நாளில் முதல் தடவையாக அந்த மைதானத்துக்குள் நுழைந்தவர் படிக்கட்டில் செருப்பைக் கழற்றினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே கூட்டம் என்று சொல்ல ஒன்றுமில்லை. வெயிலுக்குத் துண்டு போட்டுக்கொண்ட வயதானவர்கள், கல்லூரிப் பையன்கள் சிலர். ராஜஸ்தான் பேட்டிங். தொடக்க ஜோடியே இருநூறைத் தாண்டியது. வினீத் சக்சேனா என்பவர் நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். 257 ரன். மொத்தம் 621. நாங்கள் இருந்தவரைக்கும் தமிழ்நாடு பேட் செய்து பார்க்கவே இல்லை, ஊருக்கு ரயில் பிடிக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்து கேட்டால் 295க்கு ஆல் அவுட். "பாலாஜி அந்த வெயில்ல ஓடி ஓடி போட்டான் பாத்தியா" என்பது மட்டும்தான் சித்தப்பாவின் விமர்சனம்.

ஒருவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எஸ். சரத். இடதுகை ஆட்டக்காரர். முதல்தர ஆட்டங்களில் எட்டாயிரத்துக்கு மேல் ரன், தமிழ்நாட்டுக்கு வருஷக்கணக்காக முதுகெலும்பு. இந்தியாவுக்கு ஓர் ஆட்டம்கூடக் கொடுக்கவில்லை. அந்தக் காலத்து இந்திய மிடில் ஆர்டரில் இடம் எங்கே இருந்தது என்றும் கேட்கலாம். சித்தப்பாவுக்கு வேறொருவர் ஆஸ்திரேலியாவில் அடித்த சதத்தைவிடச் சரத் ஏதோ ஒரு ஊரில், யாரும் பார்க்காத மைதானத்தில் அடித்த எண்பது பெரிது. மேலே போனவர்களை உலகம் பார்த்துக்கொள்ளும், இங்கேயே நின்றவர்களை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பார்.

இடையில் காலம் எப்படியெல்லாமோ மாறியது. வானொலி வர்ணனை அருகிப்போனது. கோன்கள் பிளாஸ்டிக் ஆகின. பேப்பரில் ஸ்கோர் கார்டு சுருங்கிச் சுருங்கி, பிறகு பல நாள் வரவே இல்லை. ஐ.பி.எல். வந்த பிறகு தெருவுக்குத் தெரு மஞ்சள் சட்டை. அது எனக்கும் பிடித்த அணிதான். 2016, 2017 இரண்டு வருஷம் தடையில் இருந்து, 2018இல் திரும்பி வந்து கோப்பை வாங்கியது. அந்த வருஷம் காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கத்து ஆட்டங்களைப் புனேவுக்கு மாற்றியபோது ரயில் பிடித்துப் போய்ப் பார்த்த ரசிகர்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களுக்குச் சத்தம் துணை இருந்தது. பக்கத்தில் நூறு பேர் அதே சட்டையில் இருந்தார்கள். சித்தப்பாவின் அணிக்குச் சட்டை என்று ஒன்று கடையில் கிடையாது. ராஜபாளையம் பஸ்ஸில் அவரோடு சேர்ந்து வருத்தப்பட ஓர் ஆள் கிடையாது. தமிழ்நாடு இருபது ஓவர் சையத் முஷ்டாக் அலி கோப்பையை ஜெயித்தபோதும், அதிலும் 2021 இறுதியில் கர்நாடகாவுக்கு எதிராகக் கடைசிப் பந்தில் ஐந்து ரன் தேவைப்பட ஷாருக் கான் சிக்ஸர் அடித்தபோதும், அவர் சந்தோஷப்பட்டார். ராத்திரி சாப்பிடும்போது, "நல்லதுதான். ஆனா இது ரஞ்சி இல்ல" என்றார்.

நத்தம் ஆட்டத்தை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது. 2019 டிசம்பர். திண்டுக்கல் ஆட்டம் என்று சொல்வார்கள், நடப்பது நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில். ரஞ்சி நம்ம பக்கம் வந்திருக்கிறதே என்று கடைசி நாளுக்குச் சித்தப்பாவைக் கிளப்பினேன். முதல் பஸ்ஸில் மாட்டுத்தாவணி வந்து இறங்கினார், கையில் சித்தி கட்டிக் கொடுத்த புளியோதரைத் தூக்குவாளி. அங்கிருந்து நத்தம் பஸ். வழியெல்லாம் மாந்தோப்பு. கர்நாடகா முதலில் 336. நாம் 307, அதில் தினேஷ் கார்த்திக் 113. பிறகு அவர்களை 151க்கு மடக்கியாயிற்று. ஜெயிக்க 181.

181தானே! அஸ்வின் இருக்கிறார், முரளி விஜய் இருக்கிறார், கார்த்திக் இருக்கிறார். சித்தப்பா வேலியோரமாக ஒரு வேப்பமர நிழல் பார்த்துத் துண்டை விரித்து உட்கார்ந்தார். முன்னால் ஒரு பெரிய குடும்பமே வந்திருந்தது, குழந்தைக்கு அஸ்வினைக் காட்ட. கிருஷ்ணப்பா கௌதம் பந்தைக் கையில் எடுத்ததும் ஆட்டம் மாறியது. முதல் இன்னிங்ஸிலேயே 6 விக்கெட் எடுத்தவர். பந்து குத்தித் திரும்பும்போது சின்னதாகப் புழுதி பறப்பது எங்கள் இடத்திலிருந்தே தெரிந்தது. ஒவ்வொரு விக்கெட்டுக்கும் சித்தப்பா புளியோதரை வாளியின் மூடியை ஒரு சுற்றுத் திறப்பார், மூடுவார். சாப்பிடவில்லை. பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன், "தாத்தா, டிராவாவது ஆகுமா?" என்றான். "ஆகும்யா. நிப்பாங்க" என்றார். பின்வரிசைக்காரர்கள் உண்மையிலேயே நின்றார்கள். மட்டையைக் கால் பக்கத்தில் ஒட்டிவைத்து, தலையைக் குனிந்து, பந்தை அப்படியே காலடியில் சாகவிட்டுக்கொண்டு நின்றார்கள். ஒரு ரன்னும் இல்லாத அந்த ஓவர்களுக்கு எங்கள் வேலியோரத்தில் கைதட்டல் எழுந்ததே, அதைப்போல ஒரு சத்தம் எந்த சிக்ஸருக்கும் நான் கேட்டதில்லை.

சாயங்காலம் 154இல் முடிந்தது. 26 ரன்னில் தோல்வி. கௌதமுக்கு இரண்டாம் இன்னிங்ஸில் 60 ரன்னுக்கு 8, மொத்தம் 14.

ஆட்டக்காரர்கள் உள்ளே போகும்வரை சித்தப்பா எழுந்து நின்று கைதட்டினார். கௌதமுக்கும் தட்டினார். பிறகு உட்கார்ந்து வாளியைத் திறந்து, கேள்வி கேட்ட அந்தப் பையனுக்கும் இரண்டு கை புளியோதரை வைத்தார். "அண்ணே, கெட்டுப்போயிருக்காதே?" என்று முன்னாலிருந்த குடும்பத்துப் பெண்மணி அக்கறையாகக் கேட்டார். "புளியோதரை நாளைக்கும் தாங்கும்மா" என்றார். ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். ஐம்பது வருஷத்தில் அவர் தோல்வியை வேறு ஆட்களோடு பங்குபோட்டது அன்றைக்குத்தான் என்று எனக்குப் பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது.

2024 மார்ச்சில் மும்பையில் அரையிறுதி. நாம் 146. மும்பையை 106க்கு 7 விக்கெட் என்று சாய் கிஷோர் நிறுத்தியிருந்தபோது சித்தப்பா எனக்குப் போன் செய்தார். அவர் வைத்த கையோடு ஷர்துல் தாக்கூர் அடிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். 109 எடுத்தார். இன்னிங்ஸ் மற்றும் 70 ரன்னில் தோற்றோம்.

2025 பிப்ரவரியில் நாக்பூரில் காலிறுதி, விதர்பாவோடு. அங்கே கருண் நாயர் 122. இந்தக் கருண் நாயர்தான் 2015 இறுதியில், நாம் 134க்குச் சுருண்ட பிறகு, கர்நாடகாவுக்காக 328 எடுத்துக் கதையை முடித்தவர். பத்து வருஷம் கழித்து வேறு மாநிலத்துச் சட்டையில் வந்தும் நம்மைத்தான் பிடித்தார். 198 ரன் தோல்வி. அந்த வருஷம் நம்ம பக்கத்து கேரளா முதல் தடவையாக இறுதிக்குப் போனது. அவர்களுக்கும் முதல் இன்னிங்ஸ் முன்னிலையில்தான் கோப்பை போனது, விதர்பாவிடம். சித்தப்பா அந்த ஐந்து நாளும் கேரளாவுக்காகப் பார்த்தார். மஞ்சள் சட்டை அணி அந்தக் கோடையில் 14 ஆட்டத்தில் நான்கு மட்டும் ஜெயித்து, வரலாற்றில் முதல் தடவையாகக் கடைசி இடத்தில் நின்றபோது, தம்பி மகனை உட்காரவைத்து மீதி ஆட்டம் எல்லாவற்றையும் பார்க்கவைத்தவரும் அவர்தான். பையன் இப்போது பத்து வருஷத்துத் தோல்விகளை வரிசையாகச் சொல்கிறான்.

நாக்பூர் ஆட்டம் முடிந்த அன்று நானே போன் செய்தேன். ஆறுதல் சொல்லத்தான். சித்தி எடுத்தார். "உங்க சித்தப்பா போன்ல எதையோ நோண்டிக்கிட்டிருக்காரு, இரு தர்றேன்" என்றார்.

"பாத்தியாடே?" என்றார் சித்தப்பா. தோல்வியைச் சொல்கிறார் என்று நினைத்து "ஆமா" என்றேன்.

"அந்தச் சின்னப் பையன் ஆந்த்ரே சித்தார்த். 65 எடுத்திருக்கான். எல்லாரும் போனபெறகு எடுத்த 65. நம்ம சரத்து குடும்பத்துப் பையன்யா அவன். கையப் பாத்தியா, அப்படியே."

சரத் இடதுகை, இவன் வலதுகை என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன். ஏதோ ஓர் ஒற்றுமை அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது, அவர் பார்வையை நான் நம்புகிறேன்.

"அடுத்த சீசனு எப்ப ஆரம்பிக்கும், அக்டோபர்தானே? கோயம்புத்தூர்ல ஆட்டம் போட்டா முன்னாடியே சொல்லு. ஒரு நாள் பாத்துட்டு ஓடி வர்ற கதையெல்லாம் வேணாம். லாட்ஜ்ல ரூம் போட்டு நாலு நாளும் பாத்துருவோம். சித்திகிட்ட நான் பேசிக்கிடுதேன்."